கூடத்தில் ஓடிய விஸ்துலா

போலந்து தேசத்தை நான் வெறுங்காலால் அறிந்தேன். அந்த நாட்டுக்கு இன்றுவரை போனதில்லை. என் வயதுக்காரர்களான நீங்கள் பள்ளிக்கூடத்தில் ஐரோப்பாவின் நதிகளை வரிசையாக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மத்தியானமே மறந்திருப்பீர்கள். டான்யூப், ரைன் என்று ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். எனக்கு விஸ்துலா ஒன்றுதான் மிஞ்சியது. அது எங்கள் வீட்டுச் சமையலறைப் படியில் பிறந்து, கூடத்தைக் கடந்து, பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு வளைந்து, தெருவாசல் நிலைப்படியில் கடலில் விழுந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தோம். சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட வீடு. கீழே பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான். மாடியில் ஒரு மயிலாப்பூர்க்காரத் தம்பதி குடியிருந்தார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பெரியப்பாவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. அப்பா மட்டும் துணியை விட்டுவிட்டுக் கப்பல் இன்ஜினியர் ஆனவர். எழுபதாம் வருடம் போலந்தில் நம் தேசத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் பொருத்தும்போது கூட இருந்து பார்க்க அப்பாவை அனுப்பினார்கள். ஆடியில் புறப்பட்டார். அம்மாவுக்கு அப்போது மூன்று மாதம்.

போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் குந்தினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்காலிலும் பெயிண்ட்.

"நம்ம தாமிரபரணி பொதிகையில பொறக்குதுல்லா, அது மாதிரி இதுவும் தெக்க மலையிலதான் பொறக்குது. ஆனா கிழக்க போகாது. நேரா வடக்க போயிக் கடல்ல விழும்" என்று சொல்லிக்கொண்டே ஆற்றை இழுத்தார்.

எங்கள் வீடும் வடக்குப் பார்த்த வீடு. தேசம் கச்சிதமாகப் பொருந்தியது. சமையலறைப் படியோரம் க்ரக்கோவ், பழைய ராஜதானி. ஆற்றங்கரைக் குன்றின் மேல் அரண்மனை, ராஜாக்களின் சமாதி, குன்றுக்கு அடியில் நெருப்புக் கக்கும் ஒரு பாம்பின் குகை. அங்கே ஒரு கோயில் கோபுரத்திலிருந்து மணிக்கு மணி எக்காளம் ஊதுவார்கள். ஊதிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். எந்தக் காலத்திலோ எதிரி வருவதைப் பார்த்து ஊதியவன் தொண்டையில் அம்பு தைத்ததாம். அவன் நிறுத்திய இடத்திலேயே இன்னமும் நிறுத்துகிறார்களாம். அதற்குப் பக்கத்தில் பூமிக்கடியில் உப்புச் சுரங்கம், உப்பிலேயே செதுக்கிய கோயில். அதை அப்பா எங்கள் உப்புச்சாடிக்கு அருகில் குறித்தார். கூடத்து நடுவில் பெஞ்சுக்கடியில் வார்சா. "இந்த ஊரை யுத்தத்துல தரைமட்டமாக்கிட்டான். பழைய ஓவியத்தை எல்லாம் பாத்துப் பாத்து, அதே வீடு, அதே ஜன்னல்னு திரும்பக் கட்டிட்டாங்க." பீரோவுக்குப் பக்கத்து வளைவில் டோருன், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னவர் பிறந்த ஊர். கடைசியில் நிலைப்படியில் க்டான்ஸ்க். அப்பா இருக்கப்போகும் ஊர். ஆற்றங்கரையில் மரத்தால் கட்டிய ராட்சசப் பாரந்தூக்கி, கடற்கரையில் அலை ஒதுக்கும் அம்பர் என்கிற தேன் நிறப் பிசின் கல்.

பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே இல்லை. "கட்டான்சு" என்பார். "கட்டில் உடைஞ்ச சத்தம் மாதிரி இருக்கு. பேரை மாத்தச் சொல்லுடா."

பெரியம்மா, "ஒரு தேசத்தை மிதிச்சுக்கிட்டா சோறு திங்க வரணும்?" என்று கேட்டாள். ஆனால் பெயிண்ட் காயும்வரை அவளே காவல் உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. லேடி டாக்டர் அம்மாவை நிறைய நடக்கச் சொல்லியிருந்தாள். தெருவில் முழங்காலளவு தண்ணீர். அம்மா கூடத்திலேயே நடந்தாள். க்ரக்கோவில் தொடங்கி ஆற்றோரமாகவே வார்சா, டோருன், நிலைப்படியில் க்டான்ஸ்க். அங்கே ஒரு நிமிஷம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். பிறகு திரும்பி வருவாள். நானும் பின்னாலேயே போவேன். ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடப்பதுதான் விளையாட்டு. கார்த்திகைக் கடைசியில் வளைகாப்பு நடந்தது. அதற்குப் பிறகு அந்த நடைக்குக் கண்ணாடி வளையல்களின் சத்தமும் சேர்ந்துகொண்டது. சமையலறையில் இருந்தால்கூட அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

மார்கழி பிறந்ததும் ஒரு காலை. அம்மா குளிக்கப் போயிருந்தாள். மாடி மாமா கழுத்தில் மப்ளரோடு இறங்கி வந்தார்.

"ரேடியோ போட்டேளா? உங்க தம்பி இருக்கற ஊர் பேரைச் சொன்னானே."

பெரியப்பா திருநீறு பூசிக்கொண்டிருந்தார். "என்னவாம்?"

"விலைவாசியை ஏத்திட்டானாம் கவர்ன்மெண்ட். கப்பல் கட்டறவா எல்லாம் வேலையைப் போட்டுட்டு தெருவுக்கு வந்துட்டா. பட்டாளத்தை விட்டுச் சுட்டிருக்கான். பொணம் விழுந்திருக்கு. டெலிபோன் கிலிபோன் எல்லாம் கட்டாம்."

"மெதுவா, சாமி." பெரியப்பா குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார். உள்ளே அம்மா சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து வந்த பெரியம்மாவும் சேர்ந்து மூன்று பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இவளுக்குத் தெரியப்படாது. பெத்துப் பொழைக்கிறவரைக்கும் தெரியவே கூடாது."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. பெரியம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்த காலத்தில், அவளுடைய அண்ணன் இறந்துபோன சேதியை யாரோ வாசலில் நின்று பட்டென்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே கரு கலைந்தது. அதற்கப்புறம் அவளுக்குத் தங்கவில்லை. வாயும் வயிறுமாக இருப்பவள் காதில் கெட்ட சேதி விழக்கூடாது என்பது மற்றவர்களுக்கு வழக்கம்; அவளுக்கு அது அனுபவம்.

அன்றைக்கே வேலைகள் நடந்தன. ரேடியோவுக்குள் ஏதோ கருகிவிட்டது என்று சொல்லிப் பெரியப்பா அதைத் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போனார். பேப்பர்காரனை இனிமேல் கடையிலேயே போடச் சொன்னார். மாடி மாமா ரேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பதாக வாக்குக் கொடுத்தார். என்னைப் பெரியம்மா கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தாடையைப் பிடித்து, "அம்மைகிட்ட எதுவும் சொல்லப்படாது. சொன்னா பாப்பா வராது, என்ன?" என்றாள். அவள் விரல்களில் புளி வாசனை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது கூடம் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. பெரியம்மா குந்தியபடி, பழந்துணியை மண்ணெண்ணெயில் தோய்த்து, அழுத்தி அழுத்தித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். க்டான்ஸ்க் போய்விட்டது. டோருன் பாதி போயிருந்தது. பார்க்கும்போதெல்லாம் அம்மா அந்த ஊரை நினைப்பாள், நினைத்தால் கேட்பாள், கேட்டால் பொய் சொல்லவேண்டும் என்பது பெரியம்மாவின் கணக்கு.

அம்மா அறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னக்கா இது?"

"மண்ணெண்ணெய் கொட்டிட்டு. துடைச்சேன், பெயிண்டும் சேந்து வந்துட்டு. இருக்கட்டும், மார்கழி மாசம், தரை சுத்தமா இருக்கும்லா?"

அம்மா மீதியிருந்த ஆற்றைப் பார்த்தாள். பெரியம்மாவின் வேர்த்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் புத்தகப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

அடுத்தது பூக்காரி. அவள் கபாலி கோயில் குளத்தோரம் கூடை வைத்திருப்பவள். காலையில் எங்கள் தெருவில் வாடிக்கை. ஒரு வீட்டின் சேதி அடுத்த வீட்டுக்குப் பூவோடு சேர்ந்துதான் போகும். மாடி மாமி மூலம் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"இன்னா பெரீம்மா, சின்னம்மா ஊட்டுக்காரு கீற ஊர்ல டுப்பாக்கியால சுட்டுக்கினு கீறாங்களாமே, மெய்யா?" என்று வாசலில் முழம் அளந்துகொண்டே கேட்டாள்.

பெரியம்மா அவளைக் கேட்டுக்கு வெளியே தள்ளாத குறை. "நாளையிலேருந்து பூ வேண்டாம். நான் சொல்லி அனுப்புறப்ப வந்தாப் போதும்."

"மார்கழி மாசத்துல பூவு வாணாம்னுவாங்களா யாராச்சும்? நல்ல ஊடு."

இரண்டு மூன்று நாள் அம்மா கேட்டாள். "பூக்காரி வரலையா?" வரவில்லை, அவளுக்கு உடம்புக்கு ஆகவில்லையாம், என்றாள் பெரியம்மா. அது வரைக்கும்கூட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வெள்ளிக்கிழமையில்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறேன்.

பெரியம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். வாழையிலைத் துண்டில் கதம்பம், இரண்டு துண்டு. வழக்கமாக ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை அம்மாவைத் திரும்பச் சொல்லித் தன் கையாலேயே கொண்டையில் செருகுவாள். அன்றைக்கு ஒன்றைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மற்றதை எடுத்தாள். அம்மா தானாகவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பெரியம்மாவின் கை பாதி தூரம் போய் நின்றது. அப்படியே கொஞ்ச நேரம். பிறகு அந்தப் பூவை முருகன் படத்துக்குச் சாத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்பா இருக்கிறாரா இல்லையா என்று பெரியம்மாவுக்கே அன்று தெரியாது. தெரியாதபோது தன் கையால் பூ வைக்க அவளுக்குப் பயம். வேறொன்றுமில்லை. ஆனால் திரும்பி நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்? அப்பாவின் கடிதம் வந்து வாரக்கணக்காயிற்று, ரேடியோ போனது, பேப்பர் போனது, தரையில் இருந்த தேசம் போனது, பூக்காரி போனாள், இப்போது பூவும் போயிற்று. நம்மில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் கூட்டிப் பார்த்து ஒரே முடிவுக்குத்தான் வந்திருப்பாள். புருஷன் இல்லாதவளுக்குத்தான் பூ வைக்கமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா நடந்தாள். தரையில் மிச்சமிருந்ததையும் பெரியம்மா துடைத்துவிட்டிருந்தாள். ஆனாலும் எங்கள் இருவருக்கும் இடங்கள் தெரியும். க்ரக்கோவ். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வார்சா. பீரோ வந்ததும் அம்மா நின்றாள். நான் வழக்கம்போல முன்னால் ஓடி நிலைப்படியில் நின்று "க்டான்ஸ்க்" என்றேன். அவள் வரவில்லை. பீரோக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நிலைப்படியையே பார்த்துவிட்டு, டோருனோடு திரும்பிவிட்டாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் வளையல் சத்தம் நின்றுபோயிற்று. பார்த்தால், பழைய புடவைக் கிழிசலால் இரண்டு கையிலும் வளையல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். "உறுத்துது" என்றாள். கழற்ற முடியாதே, பிள்ளை பிறக்கும்வரை அந்த வளையல்கள் கையில் இருந்தாக வேண்டும். சத்தத்தை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

ஏன் அவள் நேராகக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல வருடம் கேட்டுக்கொண்டேன். கேட்டால் சொல்லிவிடுவார்களே என்ற பயம் என்று இப்போது தோன்றுகிறது. மறைப்பவர்கள் மறைத்துக்கொண்டிருக்கும்வரை மறைந்திருப்பது முழுதாக நடந்துவிடவில்லை என்றும் ஒரு மனம் நம்பும். போன வருடம் என் மகன் வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். என் கணவருக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியும். எனக்கு இரத்த அழுத்தமாம், அதனால் சொல்லவில்லை. அவர்கள் குரல் கொஞ்சம் அதிகமாகக் குழைந்தபோதே எனக்குத் தெரிந்துபோயிற்று. நானும் கேட்கவில்லை. பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்கழி நடுவில் ஒரு நாள் பெரியம்மா மாறிப்போனாள். வீட்டுக்குள் பாடிக்கொண்டே நடந்தாள். கேசரி கிண்டினாள். சாயங்காலம் எங்கிருந்தோ மல்லிகைப்பூ வாங்கி வந்து, "திரும்புட்டி" என்று அம்மாவைத் திருப்பி, தலை கொள்ளாமல் வைத்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "மகராசியா இரு" என்றாள்.

அம்மா அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் பூவைக் கழற்றிக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம், அக்கா. எத்தனை நாள்தான் நடிப்பாங்க" என்று என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னாள். பூவைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். மறுநாள் அது நசுங்கி மஞ்சளாகக் கிடந்தது.

சாப்பாடு குறைந்தது. முகம் சுண்டியது. வயிறு மட்டும் முன்னால் நின்றது. "மசக்கை திரும்ப வந்திருக்கு போல" என்று பெரியப்பா சொன்னார். எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. எட்டில் பிறந்தால் தங்காது என்று எல்லோரும் சொல்லும் காலம் அது. பெரியம்மா தினமும் காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

பொங்கலுக்குச் சில நாள் இருந்தது. கடையில் கூட்டம் நெரியும் நாட்கள். பெரியம்மா மத்தியானம் தூங்கும் நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "செருப்பைப் போடு." கேட்டை மெதுவாகச் சாத்தினாள். தெருக்கோடியில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம். குளத்தோரம் நிறுத்தச் சொன்னாள்.

பூக்காரி கூடைக்குப் பின்னால் ஈரச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். "இன்னா சின்னம்மா, இந்த வயித்தெ வெச்சுக்கினு வெயில்ல."

"உனக்கு உடம்புக்கு என்ன?"

"எனக்கின்னா? குத்துக்கல்லாட்டம் கீறேன். உங்க அக்காதான் வாணாம்னு தொரத்திட்டாங்க."

"ஏன் தொரத்தினாங்க?"

பூக்காரி பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்தாள். நாரைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "எனக்கின்னாம்மா தெரியும். உங்க ஊட்டுக்காரு கீற ஊர்ல சுட்டாங்கன்னு மாடியம்மா சொல்லிச்சு. அத்தெக் கேட்டேன். அதுக்குத்தான்."

அம்மா அசையவில்லை. "அவரு?"

"அத்தெ யாரும் சொல்லல தாயி. சாமி சத்தியமா எனக்குத் தெரியாது." அவள் அவசரமாக ஒரு முழம் மல்லியை அளந்து, துண்டித்து நீட்டினாள். "காசு வாணாம். வெச்சுக்கோ. வெச்சுக்கினு போ."

அம்மா கையை நீட்டவில்லை. "வேண்டாம்மா" என்றாள். நீட்டிய கை அப்படியே நிற்க, பூக்காரி மறுகையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரிக்‌ஷாக்காரரிடம் அம்மா, தியாகராய நகருக்குப் போகச் சொன்னாள். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.

கடையில் நிற்க இடமில்லை. புதுத்துணிக் கஞ்சி வாசனையும் வேர்வையும். மெத்தை விரித்த மேடையில் புடவைகள் மலைமலையாகக் கிடந்தன. கல்லாவில் இருந்த பெரியப்பா எங்களைப் பார்த்ததும் பாதி எழுந்தார். "என்னம்மா, நீ எங்க இங்க? வீட்டுல என்ன?"

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மேடைக்கு எதிரே வாடிக்கைக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. மிகவும் சாதாரணமான குரலில், பொங்கலுக்குத் துணி எடுக்க வந்தவள் மாதிரிதான் சொன்னாள்.

"பெரியத்தான், எனக்கு ஒரு வெள்ளைச் சேலை எடுத்துப் போடச் சொல்லுங்க."

பக்கத்தில் அரக்குப் பட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். விற்பனைப் பையன்கள் நின்றுவிட்டார்கள். பெரியப்பாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"என்ன பேச்சு இது? நாக்குல வரலாமா?"

"எத்தனை நாள்தான் நீங்களும் அக்காவும் எனக்காக மூடி வப்பீங்க? சாவு வீட்டுக்கு வேண்டியது உங்க கடையிலேயே இருக்கு. நீங்களா எடுத்துத் தர்றதுக்குச் சங்கடப்படுவீங்கன்னுதான் நானே வந்துட்டேன்."

"அவன் உசிரோட இருக்கான்!" பெரியப்பா கத்திவிட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடி வந்தார். "நல்லா இருக்கான்மா. ஒரு கீறல் கிடையாது. கலவரம் வந்ததும் வெளிநாட்டுக்காரங்களை எல்லாம் ரயில்ல ஏத்தித் தெக்க அனுப்பிட்டாங்களாம். க்ரக்கோவ்ல இருக்கான். அங்கிருந்து கடை விலாசத்துக்குத் தந்தி அடிச்சிருக்கான்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "தந்தியா? எப்ப?"

பெரியப்பா கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப வந்திச்சு, பெரியத்தான்?"

கணக்கப்பிள்ளை உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு குறுக்கே வந்தார். "அது வந்து ரொம்ப நாளாச்சே தாயி. மார்கழி நடுவுல. நான்தானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முதலாளி அன்னைக்குக் கடைக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தாங்களே."

அவ்வளவுதான் நடந்தது. ஆபத்தை மறைத்தவர்கள், ஆபத்து தீர்ந்ததையும் மறைத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டான் என்று சொன்னால், எதிலிருந்து பிழைத்தான் என்று கேட்பாளே. பிள்ளை பிறந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நல்லவர்கள். அவர்களைவிட நல்லவர்களை நான் பார்த்ததில்லை.

அம்மா சிரிக்கவில்லை, அழவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பாதி குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப இத்தனை நாளும் நான் யாருக்கு அழுதேன், பெரியத்தான்?"

அவர் மேடையில் கிடந்த ஏதோ ஒரு புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவருக்கு மடிப்பு வரவில்லை. மறுபடி உதறி மறுபடி மடித்தார். நாற்பது வருடம் துணி மடித்த கை.

நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். டாக்ஸி பிடித்து நேராக அடையாறு பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனோம். என்னை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். டெட்டால் வாசனை. பெரியம்மா தலைவிரிகோலமாக வந்து சேர்ந்தாள். வந்தவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, "நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன்" என்று முனகிக்கொண்டே இருந்தாள். பெரியப்பா அவள் தோளைத் தொட்டார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

தம்பி எலிக்குஞ்சு மாதிரி பிறந்தான். பஞ்சில் சுற்றி, பல்பு வெளிச்சத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். மை நிரப்பியால் பால் சொட்டினார்கள். தங்குமா என்று கேட்டதற்கு லேடி டாக்டர் மேலே கையைக் காட்டிவிட்டுப் போனாள். பொங்கல் போனதே யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா அந்தப் பல்பை விட்டு நகரவில்லை. இரவும் பகலும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, குழந்தையின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை அவன் பூனைக்குட்டி மாதிரி வீல் என்று கத்தினான். அம்மா படுக்கையிலிருந்தே, "அக்கா, பால் கேக்கான். எடுத்துக் கொடுங்க" என்றாள். கடைக்குப் போய்வந்த பிறகு அவள் பெரியம்மாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்பா பங்குனியில் வந்தார். மீனம்பாக்கத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். முன்தினமே பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி கேட்பான், கேட்டால் இவள் சொல்வாள், சொன்னால் அண்ணன் தம்பி உறவு இத்தோடு சரி என்று பெரியம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். "சொன்னா சொல்லட்டும். நமக்கு வேணும்" என்றாள் பெரியம்மா.

அப்பா வெளுத்து, கொஞ்சம் பருத்து வந்தார். குளிர்க்கோட்டைக் கையில் போட்டிருந்தார். தம்பியின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம், கழுத்து, கை, செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒருவரைப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்ஸியில் பெரியப்பா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நாங்கள். சைதாப்பேட்டைப் பாலம் வந்தபோது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் கலாட்டா சமயத்துல நீங்க எல்லாம் என்ன பாடுபட்டீங்களோன்னுதான் எனக்கு ராத்திரி எல்லாம் தூக்கமில்ல. க்ரக்கோவ் போனதும் முதல் வேலையாத் தந்தி அடிச்சேன். உடனே கிடைச்சுதா?"

முன்னால் பெரியப்பாவின் பிடரி அசையாமல் இருந்தது. பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கை வந்து என் முழங்காலின் மேல் உட்கார்ந்து அழுத்தியது.

தம்பியை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அம்மா சொன்னாள்.

"உடனே கிடைச்சுது. பெரியத்தான் கையோட கொண்டுவந்து கொடுத்தாங்க. அதனால எங்களுக்குப் பயமே இல்லாமப் போச்சு."

அப்பா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.